ஆட்டுக்குப் பிலா இலை கொடுக்கலாம், மரச்சீனி இலை கூடாது

வாசகர் கேள்வி – பதில்

ஆடு, முயல், வாத்து, மட்டக்குதிரை என்று நாலைந்து உயிர்களை வளர்த்து, தோப்புக்குள் நடைபாதையும் போட்டிருக்கும் குடும்பப் பூங்காக்களைப் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம். கால்நடை மருத்துவமும் பண்ணை வேலையும் அறிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள்.

குலசேகரம் வாசகி: பூங்காவில் ஆட்டுக்குக் கொடுக்க இலைக்கட்டு விற்கிறார்கள். பக்கத்திலேயே மரச்சீனி (மரவள்ளி) விளை. என் மகன் இரண்டு இலை பறித்துக் கொடுக்கப் போனான். அதற்கு அங்கிருந்த பணியாளர் ஓடிவந்து சத்தம் போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் மரச்சீனி இலையை ஆட்டுக்குப் போடுகிறோமே, இதில் என்ன குற்றம்?

அவர் சத்தம் போட்டது சரிதான். மரச்சீனி இலையில் லினமாரின் என்றொரு பொருள் இருக்கிறது. இலை முழுதாக இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். ஆடு மென்று நசுக்கியதும் இலையில் இருக்கும் நொதியோடு கலந்து ஹைட்ரோசயனிக் அமிலமாக, அதாவது சயனைடாக மாறும். அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களும் இந்த வேலையை வேகப்படுத்துகின்றன. அதனால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மற்றப் பிராணிகளைவிட ஆபத்து அதிகம். முதிர்ந்த இலையைவிடக் கொழுந்தில் நஞ்சு கூடுதல். பிள்ளைகள் கைக்கு எட்டுவதும் ஆடு விரும்பிக் கடிப்பதும் அந்தக் கொழுந்துதான்.

நீங்கள் வீட்டில் போடுவது அநேகமாகக் கிழங்கு பிடுங்கிய பிறகு வெட்டிப்போட்டுக் காய்ந்த இலையாக இருக்கும். நறுக்கி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்தினால் நஞ்சின் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். பழகிய ஆடு, வயிறு நிறைந்த ஆடு, கொஞ்சம் இலை என்றால் தப்பித்தும் விடும். பூங்காவில் நிலைமை வேறு. பசியோடு நிற்கும் ஆட்டுக்குப் பத்துப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு கொழுந்து நீட்டினால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

ரப்பர் இலைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ரப்பரும் மரச்சீனியும் ஒரே தாவரக் குடும்பம். ரப்பர் இலையிலும் விதையிலும் அதே லினமாரின் இருக்கிறது. பாதையில் வெடித்து விழுந்து கிடக்கும் ரப்பர் விதை பார்க்க அழகாக இருப்பதால் பிள்ளைகள் பொறுக்குவார்கள். விளையாடட்டும், வாயில் வைக்க விடாதீர்கள். வேலியோர அரளியை எந்தப் பிராணிக்கும் நீட்டக் கூடாது. அரளி காய்ந்தாலும் நஞ்சு போகாது.

தவறி மரச்சீனி இலையைத் தின்றுவிட்டால் கால் மணி நேரத்திலேயே தெரிந்துவிடலாம். மூச்சு வேகமாக வாங்கும், வாயில் நுரை தள்ளும், கால் தள்ளாடிச் சாயும். ஈறு வெளுக்காமல் நல்ல சிவப்பாகத் தெரியும். ரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாததால் வரும் நிறம் அது. இதற்கு ஊசி மருந்து உண்டு. கால்நடை மருத்துவர் ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும், அதுவும் உடனே. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண். போனில் முதல் வார்த்தையாக எந்த இலையைத் தின்றது என்பதைச் சொல்லுங்கள். பழி வருமே என்று பயந்து மறைத்தால் ஆடு பிழைக்காது.

கொடுக்க ஆசையென்றால் பிலா (பலா) இலை இருக்கிறது. முற்றிய பச்சை இலை நாலைந்தைக் காம்போடு சேர்த்துக் கட்டி, காம்புப் பக்கத்தைப் பிள்ளை கையில் கொடுத்து, நுனியை ஆட்டுக்கு நீட்டச் சொல்லுங்கள். இலை ஒரு சாண் நீளம் இருப்பதால் ஆட்டின் வாய்க்கும் விரலுக்கும் நடுவே இடைவெளி கிடைக்கும். கஞ்சி குடிக்கக் கோட்டிய இலையை அப்படியே போடுகிறவர்கள் ஈர்க்கை உருவிவிட்டுப் போட வேண்டும். நாக்கிலோ தொண்டையிலோ குத்தும்.

நாகர்கோவில் வாசகர்: பிஸ்கட், பிரெட், மிஞ்சிய இட்லி இதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆடு ஆசையாகத் தின்கிறதே?

ஆசையாகத் தின்னும், அதில்தான் தொல்லை. ஆட்டின் முதல் வயிறு இலையையும் புல்லையும் மெதுவாகப் புளிக்கவைத்துச் செரிக்கும் தொட்டி. அதற்குள் மாவுப்பொருள் திடீரென்று நிறைய விழுந்தால், வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டிவிடும். வயிறு அசைவது நின்றுபோகும். உடம்பின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, கண் உள்வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடு படுத்துவிடும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் செத்துப்போகும். ஒரு பிஸ்கட் எதுவும் செய்யாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிற ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்து ஒன்று போடுகிறார்கள்.

பிஸ்கட்டைவிடக் கெட்டது அதன் உறை. உப்பும் இனிப்பும் ஒட்டிய பிளாஸ்டிக் உறையை ஆடும் மாடும் நக்கி நக்கி விழுங்கிவிடும். அது செரிக்காது, சாணத்திலும் வராது. வயிற்றிலேயே சுருண்டு பந்தாகிக் கிடக்கும். தின்பண்டப் பையைக் காரிலேயே வைத்துவிட்டு உள்ளே போங்கள்.

வாத்துக்குப் பிரெட் போடுவதும் வேண்டாம். வயிறு நிறையும், சத்து இருக்காது. தின்றது போக மிச்சம் குளத்தில் ஊறித் தண்ணீரைக் கெடுக்கும். பொடியாக அரிந்த கீரை ஒரு பிடி போதும்.

தக்கலை வாசகி: பேரனுக்கு மூன்று வயது. எதைக் கண்டாலும் கட்டிப்பிடிக்க ஓடுவான். எந்தப் பிராணியிடம் எப்படி விடலாம்?

பெரிய வெள்ளாட்டில் தொடங்குங்கள், முயலும் கோழிக்குஞ்சும் கடைசியில் இருக்கட்டும். பலரும் சிறியதுதான் பத்திரம் என்று நினைத்து நேர்மாறாகச் செய்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையின் பிடிக்கு ஆடு தாங்கும், குஞ்சு தாங்காது. பறவைகளுக்கு நம்மைப்போல் மூச்சை இழுக்க உதவும் உதரவிதானம் கிடையாது. நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு. உள்ளங்கையை இறுக மூடிவிட்டால் குஞ்சு சத்தமில்லாமல் செத்துப்போகும். தரையில் உட்காரவைத்து, இரண்டு கையையும் கிண்ணம்போல் குவித்து, மேலே மூடாமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். கோழிக்குஞ்சையும் வாத்துக்குஞ்சையும் முத்தமிட விடவே கூடாது. சால்மோனெல்லா என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி அவற்றின் இறகிலும் காலிலும் இருக்கும், குஞ்சு பார்க்க ஆரோக்கியமாகவே இருந்தாலும்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அதன் பின்னங்கால் பலம் மிகுதி, முதுகெலும்போ மெல்லியது. தொங்கும் நிலையில் ஓர் உதை உதைத்தால் அதன் முதுகே முறிந்துபோகும். ஒரு கை நெஞ்சுக்குக் கீழ், மறு கை பிட்டத்துக்குக் கீழ் கொடுத்துத் தூக்கி, உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மடியில் துண்டு விரித்து வைக்க வேண்டும். முயலுக்கு வேர்க்காது, வெயிலில் சீக்கிரம் தளரும். காது சுடச்சுட இருந்து வயிறு படபடவென்று துடித்தால் நிழலில் விட்டுவிடுங்கள்.

ஆட்டின் நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாட வேண்டாம். நெற்றியை அழுத்தினால் அது முட்ட வரச் சொல்கிறீர்கள் என்றே ஆடு எடுத்துக்கொள்ளும். தாடைக்குக் கீழும் கழுத்திலும் சொறிந்து கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். கடும் வாடை அடிக்கும் கிடாவிடம் பிள்ளையை விட வேண்டாம்.

பசுவிடம் தோள் பக்கமாகப் போங்கள். நேர் பின்னால் நிற்பது அதற்குத் தெரியாது, பயந்து உதைக்கும். கன்றோடு நிற்கும் பசு, எவ்வளவு சாதுவானாலும் வேலிக்கு அப்பால் இருக்கட்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல்தாடையில் முன்பல் இல்லை. குதிரைக்கு இரண்டு தாடையிலும் உண்டு. அதனால் குதிரைக்குத் தீனி கொடுக்கும்போது விரலை மடக்காமல் உள்ளங்கையைத் தட்டையாக நீட்ட வேண்டும், கட்டைவிரல் பக்கவாட்டில் ஒட்டியிருக்க வேண்டும். ஈமு மின்னுகிற எதையும் கொத்தும். கம்மலையும் செயினையும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். கூஸ் வாத்து கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வந்தால் ஓடக் கூடாது. ஓடினால் துரத்தும். முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே மெல்லப் பின்வாங்கினால் நின்றுவிடும்.

மார்த்தாண்டம் வாசகர்: மட்டக்குதிரையில் என் பத்து வயது மகளை ஏற்ற மறுத்துவிட்டார்கள், தம்பியை மட்டும் ஏற்றினார்கள். வயதா காரணம்?

எடை. குதிரை சுமக்கும் பாரம், சேணத்தையும் சேர்த்து, அதன் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 150 கிலோ குதிரைக்கு 30 கிலோ. சேணம் 5 கிலோ என்றால் பிள்ளைக்கு மிச்சம் 25 கிலோ. எடை கேட்டு மறுக்கிற இடம் நல்ல இடம். கேட்காமல் அப்பாவையும் பிள்ளையையும் சேர்த்து ஏற்றுகிற இடத்தில் குதிரையின் முதுகையும் வயிற்று வார் படும் இடத்தையும் பாருங்கள், புண் இருக்கும். ஏறும் பிள்ளைக்கு ஹெல்மெட் கட்டாயம். சேணத்தின் கால்வளையத்தில் செருப்பு சிக்கும், மூடிய ஷூ போட்டுக் கூட்டிப்போங்கள்.

கருங்கல் ஆசிரியை: முதல் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை ஒரு பண்ணைப் பூங்காவுக்கு அழைத்துப்போகிறோம். என்ன திட்டமிட வேண்டும்?

முதலில் குழாயை எண்ணுங்கள், டிக்கெட்டெல்லாம் அப்புறம். பிராணிகளைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு 20 வினாடி தேய்க்க வேண்டும். நனைக்க, அலச, நகர எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 40 வினாடி. ஒரே குழாய் என்றால் 40 பேருக்கு ஏறக்குறைய 27 நிமிடம். பசியில் நிற்கும் ஆறு வயதுப் பிள்ளைகள் அவ்வளவு நேரம் வரிசையில் நிற்கமாட்டார்கள். பாதிப் பேர் கழுவாமலே சோற்றில் கை வைத்துவிடுவார்கள். நான்கு குழாய் இருந்தால் ஏழு நிமிடத்தில் முடியும். இல்லாவிட்டால் அடியில் திருகு வைத்த 20 லிட்டர் கேன் இரண்டும் சோப்பும் வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள். சானிட்டைசர் இதற்கு ஈடாகாது. கையில் சாணமும் மண்ணும் ஒட்டியிருந்தால் அது வேலை செய்யாது, சில வயிற்றுப்போக்குக் கிருமிகளை அது கொல்வதும் இல்லை.

எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று ஐந்து குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு ஆட்டுக்கொட்டிலில் இருக்கும்போது அடுத்தது வாத்துக்குளத்தில், இன்னொன்று நடைபாதையில். ஓர் இடத்தில் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் பிள்ளைகளும் சலிப்பார்கள், ஆடும் சலிக்கும். எட்டரைக்கு உள்ளே நுழைந்து பதினொன்றுக்குள் பிராணிகளைப் பார்த்து முடித்துவிட்டால் நல்லது. உச்சிவேளையில் ஆடு மாடுகள் படுத்து அசைபோடும் நேரம். எழுப்பி விளையாட நினைத்தால் முட்டல்தான் கிடைக்கும்.

சாப்பாடு கொட்டிலுக்கு எட்ட, காற்று அங்கிருந்து வீசாத இடத்தில். பிராணிகள் இருக்கும் இடத்துக்குள் தண்ணீர் பாட்டிலைக்கூட எடுத்துப்போக விடாதீர்கள். கீழே விழும், எடுத்து வாயில் வைப்பார்கள். விரல் சூப்பும் பிள்ளை யார், ஆஸ்துமா மருந்து வைத்திருக்கும் பிள்ளை யார் என்று முன்பே பட்டியல் எடுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையை மூடிய முயல்கூட்டு அறைக்கும் கோழிக்கூண்டுக்கும் கொண்டுபோகாமல் திறந்தவெளிப் பிராணிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். பால் கறக்கும் விளக்கம் இருந்தால் பிள்ளைகள் பார்க்கட்டும், காய்ச்சாத பாலை ஒரு மடக்கும் கொடுக்க வேண்டாம்.

குளச்சல் வாசகி: ஐந்து மாதக் கர்ப்பம். மூத்தவனைக் கூட்டிக்கொண்டு போக ஆசை. மைனி வேண்டாம் என்கிறாள்.

நீங்கள் போகலாம், நடக்கலாம், நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் குட்டி ஈனும் கொட்டில் பக்கம் போக வேண்டாம். ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியிலும் நீரிலும் அது பட்ட வைக்கோலிலும் புருசெல்லா, கியூ காய்ச்சல், டாக்சோபிளாஸ்மா கிருமிகள் இருக்கக்கூடும். இவை கருவைக் கலைக்கும் அளவுக்குப் பொல்லாதவை. கியூ காய்ச்சல் தூசியிலும் பரவும், தொட்டால்தான் வரும் என்றில்லை. பிறந்து சில நாளே ஆன குட்டியைத் தூக்கிப் பார்க்கும் ஆசையை இந்த முறை விட்டுவிடுங்கள். பூனை புரளும் மணலையும் தொட வேண்டாம். உங்கள் மைனி பயந்ததில் இவ்வளவு நியாயம் இருக்கிறது.

இரணியல் வாசகர்: பூங்காவில் முயல் கடித்துவிட்டது, வெளியே வந்ததும் குரங்கு கீறிவிட்டது. இரண்டுக்கும் ஊசி போட வேண்டுமா?

இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றுதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்காதீர்கள், கட்டுப்போட்டு மூடவும் வேண்டாம்.

வளர்ப்பு முயல் வழியாக வெறிநோய் வருவது மிக அரிது. டெட்டனஸ் ஊசி, சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது இவைதான் பொதுவாகத் தேவைப்படும். மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். குரங்குக் கீறல் அப்படியல்ல. அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். தோலில் போடும் முறையில் முதல் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு தவணை. ரத்தம் வந்த காயம் என்றால் அதைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்துவார்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே போகலாம். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நோய் வந்தபின் காப்பாற்ற வழியில்லாத நோய் இது, நான்கையும் முடியுங்கள்.

தோவாளை வாசகர்: மூட்டுவலி உள்ள அம்மாவும் ஏழு வயது மகனும் சேர்ந்து நடக்கிற மாதிரி நம் மாவட்டத்தில் எங்கே போகலாம்? எந்த மாதம் நல்லது?

சமதளமும் மரநிழலும் வேண்டுமென்றால் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை. நாகர்கோவில்–தக்கலை சாலையிலேயே இருக்கிறது. கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராக உயர்ந்த, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறையும் உள்ளே உண்டு, பையனுக்குச் சொல்லக் கதை இருக்கிறது. எந்தப் பூங்காவானாலும் மான் அடைப்பைத் தட்டவோ கூச்சலிடவோ விடாதீர்கள். மிரண்ட மான் கம்பியில் மோதும். காயமே படாமல் தப்பினாலும் மிரண்டு ஓடிய அதிர்ச்சியில் தசை சிதைந்து பின்னால் செத்துப்போவதுண்டு.

சிதறால் மலைக்குக் கல் பாவிய பாதை இருக்கிறது, ஏற்றம் மெல்லத்தான் ஏறும். ஆனாலும் மூட்டுவலிக்காரருக்கு இறக்கம்தான் சோதனை. ஊன்றுகோல் இருக்கட்டும், மழை நின்ற உடனே போக வேண்டாம், கல் வழுக்கும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரத்தில் நடக்க வேண்டும். பையன் கையை விடாமல் நடந்தால் அம்மாவுக்கும் சிரமமில்லை, தலை சுற்றுகிறவர்கள் கீழேயே நிற்கலாம். மருந்துவாழ் மலையை அம்மாவோடு நினைக்காதீர்கள். பையனோடு மட்டும் என்றால் காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கி, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுத்துப்போங்கள்.

உங்கள் வீட்டுக்கு அருகிலேயே தேரூர், சுசீந்திரம் குளங்கள் இருக்கின்றனவே. 2022-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். வலசைப் பறவைகள் வரும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கரையில் நின்றே பார்க்கலாம். அம்மா ஓர் அடி ஏற வேண்டியதில்லை.

மாதம் என்றால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழை பிடிக்கும். அதே நாளில் உங்கள் தோவாளையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுதான் வீசிக்கொண்டிருக்கும். வீட்டு முற்றத்து வானத்தைப் பார்த்து மலைப்பக்கம் கிளம்பாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் மலையோரத்தில் மாலை மூன்று மணிக்கு மேல் இடி மின்னலோடு மழை வரும். காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். பிப்ரவரியையொட்டி ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும், ரப்பர் தோட்டப் பாதைகளில் நிழலை நம்ப முடியாது.

வடசேரி வாசகர்: கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் நடந்துவிட்டு வந்தால் காலெல்லாம் அட்டை. உப்பு போடலாமா?

உப்பு, புகையிலை, தீக்குச்சி எல்லாமே அட்டையை விழவைக்கும். ஆனால் சில வேளை விழுமுன் குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடும். நகத்தின் ஓரத்தை அதன் மெல்லிய முனைப்பக்கம் தோலோடு ஒட்டி நகர்த்தினால் உறிஞ்சுவாய் கழன்றுகொள்ளும். பிறகு மறுமுனையையும் அப்படியே எடுத்துச் சுண்டிவிடலாம். ரத்தம் வெகுநேரம் கசியும், உறையவிடாத ஒரு பொருளை அட்டை செலுத்திவிடுவதால். பயப்பட வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். காற்சட்டை நுனியை நீளமான காலுறைக்குள் செருகி, காலுறையின் வெளிப்பக்கம் உப்புத்தண்ணீரோ வேப்பெண்ணெயோ தடவிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஏறாது.

அட்டை நோய் தராது, பார்வைக்குத்தான் பயங்கரம். கண்ணுக்குத் தெரியாத புதர்ச்சிற்றுண்ணி பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். புதரில் உட்கார்ந்து எழுந்தால் ஒட்டிக்கொள்ளும், கடித்தது தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி வந்தால் இடுப்பு, அக்குள், தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள். மருத்துவரிடம் காட்டுக்குப் போய் வந்ததைச் சொல்லுங்கள். சொன்னால் உடனே சரியான மருந்து கிடைக்கும், சொல்லாவிட்டால் வேறு காய்ச்சல் என்று நாள் போகும். திரும்பிய அன்றே துணியை வெந்நீரில் போட்டு, நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள்.

அருமனை வாசகர்: எங்கள் விளையில் பத்து ஆடு, வாத்து, முயல் இருக்கின்றன. ஞாயிறுதோறும் பிள்ளைகளை வரவிட்டு, சின்னக் கட்டணம் வாங்கலாம் என்று யோசிக்கிறோம். எங்கே தொடங்குவது?

தீனியில் தொடங்குங்கள், அதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 20 கிலோ ஆடு ஒன்றுக்கு நாளுக்குச் சுமார் 3 கிலோ பசுந்தீவனம், பத்து ஆட்டுக்கு 30 கிலோ. ஞாயிறு காலை 20 கிலோவை நீங்களே போட்டுவிடுங்கள். மீதி 10 கிலோவை நூறு கிராம் கட்டாக நூறு கட்டு போடுங்கள். பிலா இலை, அகத்தி, கோ-4 தீவனப்புல் கலந்து போடலாம். சவுண்டல் (சுபாபுல்) இலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. நூறு கட்டும் விற்றுவிட்டால் அன்றைக்குத் தீனி முடிந்தது. எவ்வளவு கேட்டாலும் இன்னொரு கட்டு அவிழ்க்காதீர்கள். காலையில் பட்டினி போட்டால்தான் ஆடு ஆசையாக வாங்கித் தின்னும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பசித்த ஆடு பிள்ளையைத் தள்ளிவிடும், எந்த இலையானாலும் அள்ளித் தின்னும்.

அடுத்தது ஒதுங்க இடம். ஒவ்வொரு கொட்டிலிலும் ஆள் நுழைய முடியாத ஒரு மூலை வேண்டும். ஆட்டுக்கு இரண்டடி உயரப் பரண் போட்டு முன்னால் கம்பு கட்டிவிட்டால் போதும், ஏறிப் படுத்துக்கொள்ளும். அங்கே போய்விட்ட ஆட்டை யாரும் இறக்கக் கூடாது என்பது விதி. முயலுக்கு மரப்பெட்டி, இரண்டு வாசல் வைத்தது. ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் கொட்டிலுக்குள் விடாதீர்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை வெளியேற்றிப் பிராணிகளுக்கு இடைவெளி கொடுங்கள்.

வரும் வழி ஒன்று, போகும் வழி ஒன்று. போகும் வழியில் கை கழுவாமல் தாண்ட முடியாதபடி குழாய்கள் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு இரண்டடி உயரத்தில், பெரியவர்களுக்கு மூன்றடியில். கழுவிய தண்ணீரை வாத்துக்குளத்தில் விடாதீர்கள், வாழைக்குத் திருப்புங்கள். வேலிக் கம்பியில் அறுத்த நுனி உள்ளேயோ வெளியேயோ நீட்டியிருந்தால் மடக்கித் தட்டுங்கள், பிள்ளையின் கண் உயரத்தில்தான் அது இருக்கும். விளையில் மரச்சீனி நட்டிருந்தால் பார்வையாளர் பாதையிலிருந்து எட்டாத பக்கத்துக்கு மாற்றுங்கள்.

ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும், ஆண்டுக்கொருமுறை மழைக்கு முன் துள்ளுமாரி நோய்க்கானதும், கோழி இருந்தால் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தும் போட்டிருக்க வேண்டும். சாணத்தைச் சோதித்துக் குடற்புழு மருந்து. புதிதாக வாங்கிய ஆட்டை 30 நாள் தனியாக வைத்த பிறகே கூட்டத்தோடு சேர்க்க வேண்டும். சந்தையில் வாங்கி அடுத்த ஞாயிறே பார்வைக்கு விட்டால் அது கொண்டுவந்த நோய் பத்துக்கும் பரவும். கழிச்சல், சொறி, படர்தாமரை உள்ள எதையும் அன்று வெளியே விடாதீர்கள். படர்தாமரை பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

பூதப்பாண்டி வாசகி: ஒரு பூங்காவில் பச்சைக்கிளியைக் கையில் வைத்துப் படம் எடுக்கக் காசு வாங்குகிறார்கள். சரியா?

சரியில்லை. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமைக்கும் அப்படியே. லவ்பேர்ட்ஸ் வெளிநாட்டு இனம், அது வேறு. காசு கொடுக்காமல் வந்து, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

அழகியபாண்டியபுரம் வாசகி: பாதையோரச் சிரட்டையைத் தட்டிவிட்டு மகள் சட்டையெல்லாம் ரப்பர் பால். போகுமா?

பட்ட உடனே என்றால் பச்சைத்தண்ணீரில் சோப்புப் போட்டு அலசினால் போய்விடும். வெந்நீர் ஊற்றாதீர்கள், அது இறுக்கும். காய்ந்துவிட்டால் முதலில் உரிகிற வரைக்கும் உரித்தெடுங்கள். மிச்சத்தில் துணியின் உள்பக்கமிருந்து மண்ணெண்ணெய் தொட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, சோப்பில் இரண்டு முறை துவையுங்கள். மண்ணெண்ணெய் வாடை போகும்வரை அடுப்புப் பக்கம் காயப்போட வேண்டாம். அந்தச் சிரட்டைப் பால் ஒருவரின் அன்றைய வெட்டுக்கூலி, அடுத்த முறை பாதையின் நடுவிலேயே நடக்கச் சொல்லுங்கள்.